கலிலேயாவின் இயேசு: வரலாறு சொல்வதும் வன்னி வாசிப்பதும்

வன்னி நிலப்பரப்பில் உள்ள கிளிநொச்சி மாவட்டத்தின் நான்கு பிரதேச செயலகப் பிரிவுகளில் ஒன்று கண்டாவளை. பரந்தன், முரசுமோட்டை, தர்மபுரம் என்று விரியும் இந்த நிலத்தில் ஒருபுறம் இரணைமடுக் குளத்தை நம்பிய நெல்வயல்கள், மறுபுறம் களப்பை நம்பிய மீன்பிடி. மக்களில் பெரும்பாலோர் சைவர்கள். அவர்களோடு கத்தோலிக்கரும் சீர்திருத்தத் திருச்சபைகளைச் சேர்ந்தவர்களும் காலங்காலமாக அயலவராக வாழ்கிறார்கள். இயேசு என்ற பெயரை அறியாதவர் இங்கே இல்லை. ஆனால் அவர் எந்த மண்ணில் நடந்தார், யாருடைய ஆட்சியின் கீழ் வரி கட்டினார், எந்தக் குற்றச்சாட்டில் கொல்லப்பட்டார் என்ற கேள்விகள் வழிபாட்டிலும் பிரசங்கத்திலும் ஆழமாக எழுவது குறைவு.

இக்கட்டுரை அந்தக் கேள்விகளை எடுத்துக்கொள்கிறது. இயேசுவின் வாழ்வைப் பற்றி வரலாற்று ஆய்வு எதை உறுதியாகச் சொல்கிறது, எதில் அறிஞர்கள் பிரிந்து நிற்கிறார்கள், எந்த இடத்தில் வரலாறு நின்றுவிடுகிறது என்பதை ஒழுங்காகப் பார்ப்போம். இயேசு ஒரு யூதர். பேரரசு ஒன்றின் ஓரத்தில், கமக்காரரும் மீனவரும் வாழ்ந்த கிராமப்புறத்தில் உருவானவர். அந்தச் சூழலில் வைத்து வாசிக்கும்போதுதான் அவருடைய செய்தியின் கூர்மை தெரியும். அப்படி வாசிக்கும் அனுபவ அறிவு வன்னி மக்களிடம் நிறையவே உண்டு என்பது என் உறுதியான எண்ணம்.

சான்றுகள் எவை?

இயேசு தாமாக எதையும் எழுதி வைக்கவில்லை. அவரைப் பற்றி நம் கைக்குக் கிடைக்கும் மிகப் பழைய எழுத்துகள் பவுலின் திருமுகங்கள். கி.பி. 50களில் எழுதப்பட்ட அவை இயேசுவின் வாழ்க்கையைக் கதையாகச் சொல்வதில்லை. ஆனாலும் அவர் யூதராகப் பிறந்தார், இறுதி இரவில் சீடரோடு உணவருந்தினார், சிலுவையில் அறையப்பட்டார் என்ற செய்திகள் அவற்றில் உள்ளன. எருசலேமில் பேதுருவையும் இயேசுவின் சகோதரரான யாக்கோபையும் நேரில் சந்தித்ததாகக் கலாத்தியருக்கு எழுதிய திருமுகத்தில் பவுல் கூறுகிறார். ஒருவருடைய உடன்பிறந்தாரைக் கண்டு பேசியவரின் எழுத்து நம்மிடம் இருக்கும்போது, அந்த மனிதர் வாழவேயில்லை என்று வாதிடுவது கடினம். இன்றைய வரலாற்றறிஞர்களுள் மிகப் பெரும்பாலோர் இயேசு வாழ்ந்தவர் என்பதை ஐயமின்றி ஏற்கிறார்கள்.

நற்செய்தி நூல்கள் நான்கில் மாற்கு முந்தியது; ஏறத்தாழ கி.பி. 70ஐ ஒட்டி எழுதப்பட்டது. மத்தேயுவும் லூக்காவும் அதைப் பயன்படுத்தி 80களிலோ அதற்குச் சற்றுப் பின்னரோ எழுதினர். யோவான் நூற்றாண்டின் இறுதியைச் சேர்ந்தது. இவை நம்பிக்கையை வளர்க்க எழுதப்பட்டவை. எனவே வரலாற்றாசிரியர் இவற்றை ஒதுக்கிவிடாமலும் அப்படியே ஏற்றுவிடாமலும், ஒவ்வொரு செய்தியையும் நிறுத்துப் பார்க்கிறார். தொடக்ககாலத் திருச்சபைக்குச் சங்கடம் தந்த செய்திகளுக்கு இங்கே எடை கூடுதல். இயேசு இறைவாக்கினர் யோவானிடம் திருமுழுக்குப் பெற்றது, பெயர் தெரியாத நாசரேத்திலிருந்து வந்தது, அடிமைகளுக்கும் கலகக்காரருக்கும் உரிய சாவைச் சந்தித்தது ஆகியவற்றை யாரும் புனைந்து சேர்த்திருக்க மாட்டார்கள்.

கிறிஸ்தவர் அல்லாதோரின் சான்றுகளும் உண்டு. யூத வரலாற்றாசிரியர் யோசேப்பஸ் 93ஐ ஒட்டி எழுதிய நூலில் இரண்டு இடங்களில் இயேசுவைக் குறிப்பிடுகிறார். முதற்பகுதியில் பின்வந்த கிறிஸ்தவப் பிரதியாளர்கள் சில சொற்களைச் செருகியுள்ளனர். அவற்றை நீக்கினாலும் அடிப்படைக் குறிப்பு ஒன்று எஞ்சும் என்பதே பெரும்பான்மைக் கருத்து. இரண்டாவது இடத்தில், கிறிஸ்து எனப்பட்ட இயேசுவின் சகோதரர் யாக்கோபு 62ஆம் ஆண்டில் கொல்லப்பட்டதை அவர் பதிவு செய்கிறார். உரோம வரலாற்றாசிரியர் தாசித்துஸ் 116ஐ ஒட்டி, திபேரியு பேரரசர் காலத்தில் ஆளுநர் பொந்தியு பிலாத்துவால் கிறிஸ்து கொல்லப்பட்டார் என்று எழுதினார்.

அகழ்வாராய்ச்சியும் துணை நிற்கிறது. 1961இல் செசரியாவில் பிலாத்துவின் பெயர் பொறித்த கல் கிடைத்தது. 1968இல் எருசலேமுக்கு அருகே, குதிகால் எலும்பில் ஆணி இறங்கிய ஒருவரின் எச்சம் கிடைத்தது. சிலுவைத் தண்டனைக்கு அது நேரடிச் சான்று. 1990இல் தலைமைக் குரு கயபாவின் குடும்பத்தினுடையது எனக் கருதப்படும் எலும்புப் பேழை வெளிப்பட்டது. 2009இல் மகதலாவில் முதலாம் நூற்றாண்டுத் தொழுகைக்கூடம் ஒன்று கண்டெடுக்கப்பட்டது. இவை எவையும் இயேசுவைப் பற்றி நேரே பேசுவதில்லை. அவர் வாழ்ந்த உலகம் நற்செய்திகள் காட்டும் உலகம்தான் என்பதை உறுதிப்படுத்துகின்றன.

காலமும் நிலமும்

பெரிய ஏரோது கி.மு. 4இல் இறந்தான். அவனுடைய ஆட்சியின் இறுதியில் இயேசு பிறந்தார் என்று மத்தேயுவும் லூக்காவும் சொல்வதால், பிறப்பு கி.மு. 6க்கும் 4க்கும் இடைப்பட்டது என்று ஆய்வாளர் பலர் கொள்கிறார்கள். ஆறாம் நூற்றாண்டில் துறவி தியோனிசியுஸ் ஆண்டுக் கணக்கை வகுத்தபோது நேர்ந்த பிழையே, கிறிஸ்துவுக்கு முன் கிறிஸ்து பிறந்தார் என்னும் இந்த முரணுக்குக் காரணம். லூக்கா குறிப்பிடும் குடிமதிப்பு கி.பி. 6இல் நடந்தது; இரண்டு செய்திகளையும் இணைக்கும் முயற்சிகள் இன்றுவரை அனைவருக்கும் நிறைவு தரவில்லை.

ஏரோது இறந்ததும் நாட்டில் கலகங்கள் எழுந்தன. சிரியாவின் உரோம ஆளுநர் வாருஸ் படையோடு வந்தார். நாசரேத்திலிருந்து ஏறத்தாழ 6 கிலோமீற்றர் தொலைவிலிருந்த செப்போரிஸ் நகரம் எரிக்கப்பட்டு, மக்கள் அடிமைகளாக்கப்பட்டனர் என்கிறார் யோசேப்பஸ். எருசலேம் பகுதியில் கலகக்காரர் சுமார் 2,000 பேர் சிலுவையில் அறையப்பட்டனர் என்பதும் அவர் தரும் கணக்கு. இயேசு குழந்தையாக இருந்த காலத்து ஊர்ப் பேச்சில் இந்த நினைவுகள் இருந்திருக்கும். எரிந்த ஊர்களின் கதைகளைக் கேட்டு வளரும் பிள்ளைகள் எப்படிப்பட்டவர்கள் என்பதை வன்னியில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

இங்கே ஒரு திருத்தம் வேண்டும். கலிலேயா முழுவதும் உரோமப் படையினர் நிறைந்திருந்தனர் என்ற சித்திரம் சரியல்ல. அப்பகுதியை கி.மு. 4 முதல் கி.பி. 39 வரை ஏரோதின் மகன் அந்திப்பா ஆண்டான். உரோமின் தயவில் இருந்த சிற்றரசன் அவன். நேரடி உரோம ஆட்சி, கி.பி. 6 முதல், தெற்கே யூதேயாவில்தான் இருந்தது. அந்திப்பா செப்போரிஸை மீளக் கட்டினான்; 20ஐ ஒட்டி ஏரிக்கரையில் திபேரியா என்ற புதிய தலைநகரை எழுப்பினான். அவனுக்குக் கலிலேயாவும் பெரேயாவும் ஆண்டுக்கு 200 தாலந்து வருவாய் தந்தன. அந்தச் செல்வம் வயல்களிலிருந்தும் வலைகளிலிருந்தும் வந்தது.

மக்கள் எவ்வளவு நசுங்கினர் என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. ஜோன் டொமினிக் குரோசன், ரிச்சர்ட் ஹோர்ஸ்லி போன்றோர் வரியும் கடனும் கமக்காரரை நிலமிழக்கச் செய்தன என்கிறார்கள். மோர்ட்டன் ஜென்சன் போன்றோர், அந்திப்பா காலத்துக் கலிலேயக் கிராமங்கள் சீரழிந்ததற்கு அகழ்வாய்வில் சான்றில்லை, பல ஊர்கள் வளர்ந்தே இருந்தன என்று மறுக்கிறார்கள். இரண்டையும் சேர்த்துப் பார்ப்பதே நியாயம் என்று நினைக்கிறேன். ஓர் ஊர் வளர்வதும் அதே ஊரில் ஒரு குடும்பம் கடனில் மூழ்குவதும் ஒரே காலத்தில் நடக்கக்கூடியவை. கி.பி. 66இல் எருசலேமில் கிளர்ச்சி வெடித்தபோது கலகக்காரர் முதலில் செய்த செயல்களில் ஒன்று கடன் பத்திரங்கள் வைத்திருந்த ஆவணக் களஞ்சியத்தை எரித்தது. கடன் அக்கால ஏழைகளின் நெஞ்சில் எவ்வளவு கனத்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டாம்.

கலிலேயர் அரைகுறை யூதர் என்று முன்னர் சிலர் எழுதினர். கற்பாத்திரங்களும் சடங்கு நீராடும் தொட்டிகளும் அங்கே பரவலாகக் கிடைத்திருப்பதால் அந்தக் கருத்து இன்று கைவிடப்பட்டுவிட்டது. அது யூத மண். அங்கே தச்சராக வாழ்ந்த இயேசு அரமேய மொழி பேசினார், மறைநூலைக் கேட்டு வளர்ந்தார், திருவிழாக்களுக்கு எருசலேம் சென்றார்.

பணியின் தொடக்கம்

இயேசுவின் பொதுவாழ்வு யோவானிடம் தொடங்குகிறது. யோர்தான் ஆற்றில் மக்களுக்குத் திருமுழுக்குக் கொடுத்து, இறைவனின் தீர்ப்பு நெருங்கிவிட்டது என்று அறிவித்த இறைவாக்கினர் அவர். திபேரியுவின் பதினைந்தாம் ஆட்சியாண்டில், அதாவது 28ஐ ஒட்டி, அவர் பணி தொடங்கியதாக லூக்கா எழுதுகிறார். யோவானைச் சூழ்ந்த கூட்டம் கலகமாக மாறும் என்று அஞ்சியே அந்திப்பா அவரைக் கொன்றான் என்பது யோசேப்பஸின் விளக்கம். குருவுக்கு நேர்ந்தது என்ன என்பதை அறிந்தபடியேதான் இயேசு தம் பணியைத் தொடர்ந்தார்.

அவர் திபேரியாவையோ செப்போரிஸையோ தேடிச் சென்றதாக நற்செய்திகள் சொல்வதில்லை. கப்பர்நாகும் போன்ற ஏரிக்கரை ஊர்களே அவர் களம். அந்த ஏரி சுமார் 21 கிலோமீற்றர் நீளமும் 13 கிலோமீற்றர் அகலமும் கொண்ட நன்னீர் ஏரி. 1986இல் வறட்சியால் நீர்மட்டம் இறங்கியபோது சேற்றுக்குள்ளிருந்து அக்காலப் படகு ஒன்று வெளிப்பட்டது. எட்டு மீற்றருக்குச் சற்றுக் கூடிய நீளம். பலவகை மரத்துண்டுகளால் திரும்பத் திரும்ப ஒட்டுப்போட்டுப் பழுதுபார்க்கப்பட்டது. நல்ல மரம் வாங்க வசதியில்லாத, ஆனால் கைத்திறன் மிக்க மீனவரின் படகு அது. பேதுருவும் அந்திரேயாவும் இத்தகைய உலகத்தவரே.

போதனையும் செயலும்

இயேசுவின் பேச்சின் நடு இறையாட்சி. இதில் ஆய்வாளர் யாருக்கும் ஐயமில்லை. அது எப்போது வரும் என்று அவர் எண்ணினார் என்பதில்தான் பிளவு. ஆல்பர்ட் ஷ்வைட்சர் 1906இல் வெளியிட்ட நூலில், உலகின் முடிவு மிக அண்மையில் என்று நம்பிய இறைவாக்கினராக அவரைக் காட்டினார். இ.பி. சாண்டர்ஸ் 1985இல் இஸ்ரயேலின் மீட்பை எதிர்பார்த்த யூத இறைவாக்கினர் என்று அதைச் செம்மைப்படுத்தினார். பன்னிரு சீடரைத் தேர்ந்தது பன்னிரு குலங்களின் மீட்பைக் குறிக்கும் அடையாளம் என்பது அவர் வாதம். குரோசன் 1991இல், உடனிருந்து உண்பதிலும் நலமளிப்பதிலும் அந்த ஆட்சி இப்போதே நிகழ்கிறது என்று கற்பித்த கிராமத்து ஞானியாகப் பார்த்தார். நற்செய்திகளில் இரண்டு குரல்களும் உள்ளன: வரவிருக்கும் ஆட்சிக்காக மன்றாடும் குரல் ஒன்று, அது ஏற்கெனவே முளைவிட்டது என்னும் குரல் இன்னொன்று. ஒன்றை வைத்து மற்றதை அழிக்க வேண்டியதில்லை.

அவருடைய உவமைகள் வயலிலும் சந்தையிலும் பிறந்தவை. நாற்று நட்டுப் பயிர்செய்வோர் விதைப்பவர் உவமையில் வழியோரத்திலும் பாறையிலும் விதையை வீணாக்கும் கவனக்குறைவைக் காண்பார்கள். காலபோகத்துக்கு நெல்லை வீசி விதைக்கும் கண்டாவளைக் கமக்காரருக்கு அந்தக் குழப்பம் வராது. வரம்பிலும் சில மணிகள் விழத்தான் செய்யும் என்பதும், பறவையும் வறட்சியும் களையும் தம் பங்கை எடுத்த பிறகும் நல்ல நிலம் விளைச்சல் தரும் என்பதும் அவருக்கு வாழ்க்கைப் பாடம். தோல்விகளுக்கு நடுவே வரும் அந்த விளைச்சலின் மீதுள்ள நம்பிக்கைதான் உவமையின் உயிர்.

நாள் முழுதும் வேலைக்கு அழைக்க ஆளின்றிச் சந்தையில் நின்ற கூலியாட்களின் உவமையில், கடைசி நேரத்தில் வந்தவருக்கும் முழுநாட் கூலி கிடைக்கிறது. வீட்டுக்கு ஒருநாள் உணவு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு. பெருங்கடன் மன்னிக்கப்பட்ட பணியாள், தனக்குச் சிறுகடன் பட்டவனைச் சிறையிலடைக்கும் உவமை இன்னும் கூரியது. போருக்குப் பின் நுண்கடன் நிறுவனங்கள் வடக்கின் கிராமங்களுக்குள் வந்தபோது, வாரத் தவணை கட்ட முடியாமல் பெண்கள் பட்ட துயரம் நாடறிந்தது. கடனைப் பற்றி இயேசு இவ்வளவு பேசியது ஏன் என்று அவர்களிடம் கேட்டால் போதும்.

பரிசேயர் என்ற யூதச் சமயக் குழுவினரோடு அவர் நடத்திய விவாதங்கள் யூத சமயத்துக்கு எதிரானவை அல்ல. ஓய்வுநாளில் எது செய்யலாம், தூய்மை என்பது என்ன என்று யூத ஆசிரியர்கள் தமக்குள் அன்றாடம் வாதிட்டார்கள். கடவுள்மீதும் அயலவர்மீதும் அன்பு என்ற அவருடைய தலையாய கட்டளை, இணைச்சட்ட நூலிலும் லேவியர் நூலிலும் இருந்து எடுத்ததே. அவர் தனித்து நின்றது அந்தச் சட்டத்தை யாரோடு வாழ்ந்து காட்டினார் என்பதில்: வரி தண்டுவோர், தொழுநோயாளர், நோயுற்ற பெண்கள், வாசலில் கிடந்த ஏழைகள். மகதலா மரியாவும், அந்திப்பாவின் அலுவலர் கூசாவின் மனைவி யோவன்னாவும் தம் உடைமையைக் கொண்டு அந்த இயக்கத்தைத் தாங்கினர் என்று லூக்கா எழுதுகிறார்.

அவர் நோய்களைக் குணமாக்கினாரா? அற்புதம் நடந்ததா என்று தீர்ப்புச் சொல்ல வரலாற்றாசிரியரிடம் கருவி இல்லை. நலமளிப்பவர், பேயோட்டுபவர் என்ற புகழ் அவர் வாழ்ந்தபோதே அவருக்கு இருந்தது என்பதை மட்டும் உறுதியாகச் சொல்லலாம். அவருடைய எதிரிகளும் அதை மறுக்கவில்லை. அந்த ஆற்றல் எங்கிருந்து வந்தது என்றுதான் சண்டையிட்டார்கள்.

எருசலேமும் சிலுவையும்

பாஸ்கா விழா, அடிமைத்தளையிலிருந்து விடுதலை பெற்றதைக் கொண்டாடும் விழா. திரள் திரளாக மக்கள் கூடுவர். கலகம் வரலாம் என்று செசரியாவிலிருந்து உரோம ஆளுநரும் படையோடு எருசலேம் வந்து தங்குவார். 26 முதல் 36 வரை ஆளுநராக இருந்தவர் பிலாத்து. 18 முதல் 36 வரை தலைமைக் குரு கயபா. இருவரும் பத்தாண்டுகள் இணைந்து நகரை அடக்கி வைத்திருந்தவர்கள்.

இப்படியான வேளையில் இயேசு கோவில் முற்றத்தில் நாணயம் மாற்றுவோரின் மேசைகளைக் கவிழ்த்தார். வணிக மோசடியைக் கண்டித்தாரா, கோவிலின் அழிவை அடையாளமாக அறிவித்தாரா என்பது விவாதத்துக்குரியது. எதுவாயினும், விழாக்காலத்தில் அச்செயல் அதிகாரத்தின் கண்ணில் ஆபத்தாகவே பட்டிருக்கும். கோவில் தலைமை அவரைப் பிடித்துக் கொடுத்தது. ‘யூதரின் அரசர்’ என்ற குற்றச்சாட்டில் பிலாத்து அவரைக் கொன்றார். அவருடைய சீடரை உரோமர் வேட்டையாடவில்லை. ஆயுதக் கிளர்ச்சி என்று அவர்கள் அதைக் கருதவில்லை என்பதை இது காட்டுகிறது. மரண நாளாக 30ஆம் ஆண்டு ஏப்ரல் 7, 33ஆம் ஆண்டு ஏப்ரல் 3 ஆகிய இரண்டும் முன்வைக்கப்படுகின்றன. முந்தியதையே கூடுதலானோர் ஏற்கின்றனர்.

இந்தச் சாவின் பழியை ஓர் இனத்தின்மீது சுமத்தியது கிறிஸ்தவ வரலாற்றின் பெரும்பாவம். காலம் செல்லச் செல்ல நற்செய்திகளில் பிலாத்து தயங்கும் நல்லவராகவும் கூட்டம் கொடியதாகவும் சித்திரிக்கப்பட்டனர். யோசேப்பஸும் யூத எழுத்தாளர் பிலோவும் காட்டும் பிலாத்து கடுமையானவர். சமாரியரைக் கொன்றொழித்ததன் பின்னரே 36இல் பதவியிழந்தார். யூதர்மீது சுமத்திய அந்தப் பழிச்சொல் ஐரோப்பாவில் நூற்றாண்டுக் கணக்கில் யூதரின் இரத்தத்தைக் குடித்தது. 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் அப்பழியை வெளிப்படையாக நிராகரித்தது. யாழ்ப்பாணத்தில் நீ. மரியசேவியர் அடிகள் நிறுவிய திருமறைக் கலாமன்றம் உட்படப் பலர் திருப்பாடுகளின் நாடகத்தை நம் மண்ணின் கலையாக வளர்த்திருக்கிறார்கள். அதை எழுதுவோரும் நடிப்போரும் இந்த வரலாற்றை நினைவில் கொள்வது நல்லது.

உயிர்த்தெழுதலில் வரலாறு ஒரு வாசலில் நிற்கிறது. சீடர்கள் அதை மிக விரைவில், முழு மனதோடு நம்பினார்கள். பவுல் தாம் பெற்றுக்கொண்டதாகத் தரும் சாட்சிகளின் பட்டியல், நிகழ்வுக்குச் சில ஆண்டுகளுக்குள்ளேயே உருவானது என்று பலர் கருதுகின்றனர். சிதறி ஓடியவர்கள் திரும்பி வந்ததும், யாக்கோபு எருசலேம் சபையின் தலைவரானதும் வரலாறு. அதற்கு அப்பால் உள்ளதை ஏற்பதும் மறுப்பதும் நம்பிக்கையின் களம்.

தம் முகத்தையே கண்டவர்கள்

இயேசுவை ஆராய்ந்தவர்கள் பலர் அவரில் தங்களையே கண்டார்கள் என்பது ஷ்வைட்சர் கொடுத்த எச்சரிக்கை. 1939இல் ஜெர்மனியின் ஐசனாக் நகரில், திருச்சபையிலிருந்து யூதத் தாக்கத்தை அகற்றுவதற்கென்றே ஒரு நிறுவனம் தொடங்கப்பட்டு, இயேசு யூதரல்லர் என்று காட்ட முயன்றது. அறிவு, வெறுப்புக்கு வேலைக்காரனாகும்போது நடப்பது அதுதான். கெசா வெர்மெஸ் 1973இல் வெளியிட்ட நூலும் அதன் பின்வந்த ஆய்வுகளும் இயேசுவின் யூதத்தன்மையை மீளவும் அசைக்க முடியாதபடி நிறுவின.

நம் பக்கத்திலும் ஒரு கதை உலவுகிறது: இளமையில் இயேசு இந்தியா வந்து கற்றார் என்பது. 1894இல் நிக்கொலாய் நொத்தோவிச் என்பவர், லடாக்கின் ஹெமிஸ் மடத்தில் அதற்கான சுவடியைக் கண்டதாக எழுதினார். மாக்ஸ் முல்லர் உடனே அதை மறுத்தார். மறு ஆண்டில் நேரில் சென்று விசாரித்த ஆர்ச்சிபால்ட் டக்ளஸிடம் மடத்தின் தலைவர் அப்படியொரு சுவடியே இல்லை என்றார். நம் பெருமைக்காக அந்தக் கதையைச் சுமக்க வேண்டாம். அதுவும் அவரை அவருடைய மண்ணிலிருந்து பிடுங்கும் செயலே.

வன்னிக்கு வந்த இயேசு

இந்த நிலத்துக்கு இயேசுவின் பெயர் பேரரசுகளின் காலத்தில் வந்தது. மன்னாரில் 1544இல் புதிய கிறிஸ்தவர்கள் யாழ்ப்பாண அரசனால் கொல்லப்பட்டனர். 1619இல் போர்த்துக்கேயர் அந்த அரசையே அழித்தனர். 1658இல் ஒல்லாந்தர் வந்து கத்தோலிக்கத்தைத் தடை செய்தனர். 1687இல் யாழ்ப்பாணம் வந்த கோவா நாட்டு யோசேப் வாஸ் அடிகள் கூலியாளின் கோலத்தில் ஒளிந்து பணி செய்தார். படையோ பணமோ இல்லாமல் வந்த அவரே ஆழமாக வேரூன்றினார். 2015 ஜனவரி 14இல் அவர் புனிதரென அறிவிக்கப்பட்ட அதே நாளில் பாப்பரசர் பிரான்சிஸ் மடுத் திருத்தலத்துக்கு வந்தார். சீர்திருத்தச் சபைகளின் பக்கத்தில், 1850இல் வெளிவந்த பீற்றர் பேர்சிவலின் தமிழ் விவிலியத்துக்குச் சைவரான ஆறுமுக நாவலர் துணைநின்றார். சமய எல்லைகளுக்கு அப்பாலும் அறிவுநேர்மை சாத்தியம் என்பதற்கு அது நம் வீட்டுச் சான்று.

2008இல் போரின் நடுவே மடு அன்னையின் திருச்சொரூபமே பாதுகாப்புத் தேடி இடம்பெயர்ந்தது. அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் பரந்தன்–முல்லைத்தீவு வீதி வழியே சைவரும் கிறிஸ்தவரும் ஒன்றாகவே இடம்பெயர்ந்து நடந்தனர். இந்த மக்கள் சிலுவையைப் பற்றி வாசிக்கையில் அது தூரத்துச் செய்தியாக இருப்பதில்லை. ஆனால் நம் துயரத்தை அவர்மேல் ஏற்றி அவரை நம்மவராக மட்டும் ஆக்கிவிட்டால், ஷ்வைட்சர் சொன்ன பிழையை நாமும் செய்வோம். அவர் பகைவரையும் நேசிக்கச் சொன்னவர்; கடனாளிக்குக் கருணை கேட்டவர்; தம் சொந்த மக்களின் தலைமையையும் தட்டிக் கேட்டவர். அந்தக் கேள்விகள் நம்மை நோக்கியும் நிற்கின்றன.

வரலாற்று ஆய்வு நம்பிக்கையைக் கெடுக்கும் என்று அஞ்சுவோருக்கு இந்தக் கட்டுரை சொல்லக்கூடியது ஒன்றே: கலிலேயாவின் வயலையும் வலையையும் வரியையும் அறிந்தவர், மலைப்பொழிவை இன்னும் நெருங்கி நின்று கேட்பார். கண்டாவளையின் ஆலயங்களிலும் அறநெறி வகுப்புகளிலும் பாடசாலைகளிலும் இயேசுவின் காலத்தை, நிலத்தை, யூதச் சூழலைப் பிள்ளைகளுக்குக் கற்பியுங்கள். கிறிஸ்தவப் பிள்ளைகளோடு சைவப் பிள்ளைகளையும் அந்த வகுப்பில் அமர்த்துங்கள்.